வெளுத்துப்போன சிவப்பு பானெட்: பெயின்ட் அடிக்குமுன் ஒரு சோதனை

அண்ணே, சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய சிவப்புக் கார், பானெட்டும் கூரையும் வெளிறிவிட்டன, ஒர்க்‌ஷாப்பில் முழுக்கப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள், பாலிஷ் போதுமா என்றுதானே கேட்கிறீர்கள்? உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

கண்ணில் படாத ஓரத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேயுங்கள். துணியில் சிவப்பு ஏறினால் மேலே கிளியர் கோட், அதாவது நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு, கிடையாது. வெளுத்திருப்பது பெயின்ட்டின் மேல்தோல் மட்டும், பெரும்பாலும் மீட்டுவிடலாம். சாயம் வராமல், வெயிலில் உரிந்த தோல் மாதிரி திட்டுத்திட்டாக, ஓரம் நகத்தில் தட்டுப்பட்டால் கிளியர் கோட்டே போய்விட்டது. அதை எந்த பாலிஷும் ஒட்டவைக்காது. அப்போதும் அந்தப் பகுதிக்கு மட்டும் அடித்தால் போதும், முழுக் காருக்கும் எதற்கு?

மீட்கக்கூடியது என்றால் கழுவி, கார் பெயின்ட்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) அழுக்கெடுத்து, ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். மிதமான பாலிஷில் தொடங்குங்கள், போதாவிட்டால் அதைவிடக் கடுமையாகத் தேய்க்கும் காம்பவுண்ட். மெஷின் என்றால், சுழன்றபடியே அசைந்தாடும் டூயல் ஆக்‌ஷன்தான். ஒரே அச்சில் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி, பழக்கமில்லாத கையில் பெயின்ட்டைச் சுட்டுவிடும். பானெட்டின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசு, அங்கே அழுத்தவே வேண்டாம். தேய்க்கும் பேட் சீக்கிரமே சிவந்து அடைத்துக்கொள்ளும், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

நம்மூர் மதிய வெயிலில் செய்தால் பாலிஷ் காய்ந்து இறுகிவிடும், தகடு ஆறியபின் நிழலில் செய்யுங்கள். முடித்த கையோடு பாதுகாப்புக்கு வேக்ஸோ சீலன்ட்டோ பூசுங்கள். இல்லாவிட்டால் மறுபடி வெளுக்கும், குறிப்பாக மாடி கார்பார்க்கின் மேல்தளத்தில் நிறுத்துபவர் என்றால்.