ஏணி ஏறுகிறவருக்கு எந்த பேண்ட்?

வணக்கம் சார்,

திருச்செங்கோட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். காலையில் பைக்கை எடுத்தால் இருட்டிய பிறகுதான் வீடு. நாள் முழுக்க ஏணி, சன்ஷேடு, மொட்டை மாடி, தரையில் குத்தவைத்து உட்கார்ந்து வேலை. ஆன்லைனில் ஒன்று 549 ரூபாய் என்று மூன்று ஸ்ட்ரெச் ஜீன்ஸ் எடுத்தேன். ஐந்து மாதம்கூட முழுதாகத் தாங்கவில்லை. இரண்டு கவட்டையில் கிழிந்துவிட்டன. மூன்றாவதில் தொடைப் பக்கம் குண்டூசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள், அதுவும் துவைத்து எடுத்தபோதுதான் தெரிந்தது. கடையில் கேட்டால் இரண்டாயிரத்துக்கு மேல் போட்டால்தான் உழைக்கும் என்கிறார்கள். திருப்பூரில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் எடுக்கலாம் என்கிறான் நண்பன். டெய்லரிடம் கொடு என்கிறார் அப்பா. இங்கே பேண்ட் தையல் கூலி 450 ரூபாய். விலை கட்டுப்படியாகிற, சீக்கிரம் கிழியாத வேலை பேண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாடிக்கையாளர் வீட்டுக்குள் போகிறேன், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சொல்வதைக் கேளுங்கள். டெய்லரிடம் என்ன சொல்லித் தைக்கக் கொடுப்பது என்பதைத்தான் இந்தப் பதிலில் பெரிதும் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால், அந்த மூன்று ஜீன்ஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்பக்கம் திருப்பி, கிழிந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நூல் மட்டும் அறுந்து, இரண்டு பக்கத் துணியும் முழுதாக இருந்தால் துணியைக் குறை சொல்ல முடியாது. பேண்டின் அளவு போதவில்லை, அல்லது தையல் இழுவைக்கு இடம் கொடுக்கவில்லை. தையல் அப்படியே இருந்து அதன் ஓரமாகத் துணி கிழிந்திருந்தால், துணி மெல்லியது, அல்லது ஊசித்துளைகள் மிக நெருக்கமாக விழுந்து துணியை அறுத்திருக்கின்றன. தையலை விட்டுத் தள்ளி உள்தொடையில் துணி வலைபோல இளைத்துக் கிழிந்திருந்தால் அது உரசலால் வந்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. 'நல்ல துணியா எடுங்க' என்ற பொது அறிவுரை முதல் வகைக் கிழிசலுக்கு ஒரு பயனும் தராது.

அந்தக் குண்டூசி ஓட்டைகள் பற்றி. அவுட்டோர் யூனிட்டில் காயில் எனப்படும் சுருள் குழாயைக் கழுவ ஆசிட் கலந்த கிளீனர் பயன்படுத்துகிறீர்களா? தெறித்த துளி துணியில் காயும்போது தண்ணீர் போய்விடும், ஆசிட் அடர்ந்து நிற்கும். பருத்தி நாரை அது அரித்துவிடும். ஆனாலும் நார் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. துவைக்கும்போது உதிர்ந்து ஓட்டையாகிறது. எந்த விலைக்கு வாங்கினாலும் பருத்தி பேண்ட் இதற்குத் தப்பாது. தெறித்தவுடன் அந்த இடத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். கழுவும் வேலைக்கு முழங்கால் வரை வரும் பிளாஸ்டிக் ஏப்ரன் ஒன்று பையில் இருக்கட்டும். உங்கள் தோலுக்கும் அதுதான் நல்லது.

இனி கவட்டை. நம் ஊரில் வேலை பேண்ட் அதிகம் சாவது இங்கேதான். நின்றபடி வேலை செய்கிறவருக்கு வெட்டிய பேண்டைக் குத்தவைத்து உட்காருகிறவர் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். உட்காரும்போது இடுப்புக்குப் பின்னாலிருந்து கவட்டை வரை உடம்பின் நீளம் கூடுகிறது. பேண்டில் அந்த நீளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கீழே காலிலிருந்து துணி மேலேறி வர வேண்டும். ஸ்லிம் ஃபிட்டில் முழங்காலும் கெண்டைக்காலும் துணியைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் ஒரு விரல்கூட மேலே வராது. லோ வெயிஸ்ட்டில் பின்பக்க நீளமும் கிடையாது. மிச்சமிருப்பது கவட்டைத் தையல் மட்டும். நான்கு துண்டுகள் வந்து கூடும் அந்த ஒரு புள்ளியில் மொத்த இழுவையும் விழுகிறது. முழங்கால் இறுக்கத்தால் கவட்டை கிழிகிறது என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பாதிக் கிழிசலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் ரெடிமேட் கடையில் ட்ரையல் ரூமுக்குள் போனால் கண்ணாடியைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாக்கெட்டில் போனைப் போட்டுக்கொண்டு முழுதாகக் குத்தவையுங்கள். பின்பக்கம் இடுப்புப்பட்டி இரண்டு விரலுக்கு மேல் கீழே இறங்கினால் சீட் நீளம் போதாது. பிறகு ஸ்டூலில் ஒரு காலைத் தூக்கி வையுங்கள். தொடையில் துணியைக் கிள்ளினால் ஓர் அங்குல மடிப்பாவது கையில் வர வேண்டும். வராத பேண்டைத் துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்து பெல்ட் போட்டு இறுக்குவதும் சரிவராது. இடுப்பில் கூடுமே தவிர, பின் நீளம் அந்த அளவுக்குக் கூடாது.

துணிக்கு வருவோம். உங்கள் தொழிலில் காப்பர் பைப்பை பிரேசிங் செய்கிறீர்கள், அதாவது டார்ச் நெருப்பில் கம்பியை உருக்கி ஒட்டுகிறீர்கள். கம்பி உருகும் சூடு 700 டிகிரி செல்சியஸை ஒட்டியது. பாலியஸ்டர் 260 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது. சாதாரணமாக டெர்ரி காட்டன் எனப்படும் பாலியஸ்டர் கலப்புத் துணி உரசலைப் பருத்தியைவிட நன்றாகத் தாங்கும், சீக்கிரம் காயும், கசங்காது. எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேருக்கோ டெலிவரி வேலைக்கோ போகிறவர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். டார்ச் பிடிக்கிற உங்களுக்கு நூறு சதவீதப் பருத்தி டிரில் மட்டும்தான். லைக்ரா கலந்த ஸ்ட்ரெச்சும் வேண்டாம். வெயிலிலும் சுடுதண்ணீரிலும் பிளீச்சிலும் அந்த இழை சீக்கிரம் சோர்ந்துபோய் முழங்காலும் சீட்டும் தொங்கும்.

டிரில் என்பது சாய்வான வரி ஓடும் கெட்டி நெசவு, காக்கிச் சீருடைக்கு எடுக்கும் அதே துணி. ஈரோடு உங்களுக்குப் பக்கம். அங்கே ஜவுளிச் சந்தையிலோ சீருடைத் துணி விற்கும் கடையிலோ கேளுங்கள். 58 அங்குல அகலத்தில் 1.30 மீட்டர் ஒரு பேண்டுக்குப் போதும். இடுப்பு 38-க்கு மேல் என்றால் ஒன்றரை மீட்டர். கனம் 250 முதல் 280 ஜிஎஸ்எம் வரை, அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். கடைக்காரருக்கு ஜிஎஸ்எம் தெரியாவிட்டாலும் தராசு பொய் சொல்லாது: 58 அங்குல அகலத்தில் 1.30 மீட்டர் வெட்டிய துணி ஏறத்தாழ அரைக் கிலோ நிற்க வேண்டும். நானூறு கிராமுக்குக் கீழே நின்றால் அது சட்டைக்கும் பேண்டுக்கும் நடுவில் உள்ள துணி. கனமான ஜீன்ஸ் துணி 12 அவுன்ஸ், ஏறத்தாழ 400 ஜிஎஸ்எம். நம் வெயிலில் மொட்டை மாடியில் அதைப் போட்டால் வியர்வையே பாதி உயிரை எடுத்துவிடும்.

வாங்கும் முன் துணியின் மூலையை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் கஞ்சி போட்டுக் கனம் காட்டியிருக்கிறார்கள், இரண்டு துவையலில் தொளதொளத்துவிடும். ஓரத்திலிருந்து நாலைந்து நூல் உருவி வந்து வெளியே தீக்குச்சியில் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையும் ஊதினால் பறக்கும் சாம்பலும் பருத்தி. சுருங்கிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. நிறத்தில் அடர் சாம்பல், நேவி ப்ளூ, காக்கி மூன்றும் நல்லவை, கிரீஸ் கறையை ஓரளவு மறைக்கும், வீட்டுக்குள் போகவும் மரியாதையாக இருக்கும். கறுப்பை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை குறைந்த கறுப்புப் பருத்திக்குப் பெரும்பாலும் சல்ஃபர் சாயம் போடுகிறார்கள். ஈரப்பதத்தில் மடித்து வைத்திருந்தால் அந்தச் சாயத்திலிருந்தே மெல்ல ஆசிட் உண்டாகித் துணியின் பலத்தைத் தின்றுவிடும்.

வாங்கிய துணியை வெட்டும் முன் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். இதைச் செய்யாமல் தைத்துவிட்டு, மூன்றாம் துவையலில் கணுக்கால் தெரிகிறது என்று டெய்லரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

டெய்லரிடம் சொல்ல வேண்டியது. இடுப்பு தொப்புளுக்குச் சற்றுக் கீழே, லோ வெயிஸ்ட் வேண்டாம். சீட்டில் உடம்பளவுக்கு மேல் மூன்று அங்குலம் லூஸ். முழங்கால் 19, பாட்டம் 16 அங்குலச் சுற்றளவு. அதற்கு மேல் அகலமானால் ஏணிப்படியில் மாட்டும். உயரம் ஏறுகிறவருக்கு அது ஆபத்து. பின் சீட்டில் உள்ளே ஓர் அங்குலமாவது தையல் துணி விடச் சொல்லுங்கள், உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். ரெடிமேடில் அரை அங்குலம்கூட இருக்காது.

கவட்டையில் ஒரு டைமண்ட் துண்டு வைக்கச் சொல்லுங்கள். அதே துணியில், நீளவாட்டில் ஐந்து அங்குலம், குறுக்கே மூன்று அங்குலம் உள்ள சாய்சதுரம், குறுக்குச் சாய்வில் வெட்டியது. சாய்வில் வெட்டினால் துணி கொஞ்சம் இழுபடும். இப்போது நான்கு தையலும் ஒரே புள்ளியில் சேராமல் துண்டின் நான்கு மூலைகளுக்குப் பிரிந்துபோகும், காலை அகட்டவும் இடம் கிடைக்கும். 'பேண்டுக்கெல்லாம் இது வைக்கறதில்லை' என்பார். கூட ஐம்பது ரூபாய் கொடுத்தாவது வைக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாது.

நூல் பாலியஸ்டர்தான் வேண்டும், பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். சீட் தையலை இரண்டு தடவை ஓட்ட வேண்டும், அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்ற கணக்கில். ஓட்டும்போது துணியை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால், உட்காரும்போது நூலும் கூடவே நீளும். சாதாரண மெஷினின் பூட்டுத்தையல் தானாக நீளாது, பட்டென்று அறும். ஃபேக்டரி ஜீன்ஸில் உள்ளே பார்த்தால் சங்கிலித்தையல் இருக்கும். அது நீளும், ஆனால் ஒரு முனை அறுந்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும்.

பாக்கெட் துணியில்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரும் சாவியும் போடுகிறவருக்கு அந்த வெள்ளைத் துணி எத்தனை நாளைக்கு? டிரில் துணியிலேயே பாக்கெட் பை தைக்கச் சொல்லுங்கள், வாய் ஓரங்களில் நெருக்கமான குறுக்குத் தையலோடு. அந்த மூலைதான் முதலில் பிரியும். 1873-இல் அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற டெய்லரும் லெவி ஸ்ட்ராஸும் செம்பு ரிவெட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே பாக்கெட் மூலை பிரியாமல் இருக்கத்தான். ஜிப் பித்தளையாக, தானே பூட்டிக்கொள்ளும் ரன்னரோடு இருக்கட்டும். ஸ்பேனர் வைக்கத் தொடைப் பாக்கெட் வேண்டுமானால் வலது பக்கம் ஒன்று போதும்.

திருப்பூர் பற்றிக் கேட்டீர்கள். திருப்பூர் பின்னலாடை ஊர். பனியனும் டீ ஷர்ட்டும் ட்ராக் பேண்டும் அங்கே தாராளமாக எடுங்கள். நீங்கள் தேடுவது நெய்த துணி. சர்ப்ளஸில் எப்போதாவது நல்ல பேண்ட் மாட்டும், ஆனால் அடுத்த முறை அதே வெட்டு கிடைக்காது.

கணக்கு: 549 ரூபாய் ஜீன்ஸ் ஐந்து மாதம் என்றே வைத்தாலும் மாதத்துக்கு 110 ரூபாய். டிரில் மீட்டர் 260 என்று கொண்டால் துணிக்கு 338, கூலி 450, ஜிப்புக்கும் டைமண்ட் துண்டுக்கும் சேர்த்து 100, மொத்தம் 888. எட்டு மாதத்தைத் தாண்டி ஒரு வாரம் போட்டாலே அந்தக் கணக்கை முந்திவிடும். இரண்டாயிரம் கொடுக்கத் தேவையே இல்லை.

துவைப்பதில் ஒன்றுதான் வற்புறுத்துவேன்: வியர்வை ஈரத்தோடு பேண்டைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அன்றைக்குத் துவைக்க முடியாவிட்டால் கொடியில் விரித்துப் போடுங்கள். பூஞ்சை பிடித்தால் பருத்தி இற்றுவிடும். உள்பக்கம் திருப்பித் துவையுங்கள், கவட்டையில் பிரஷ் போட வேண்டாம்.

மாதம் ஒரு தடவை உள்தொடையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் ஓட்டை விழும் வரை காத்திருக்க வேண்டாம். உள்பக்கம் பழைய பேண்டின் நல்ல பகுதியிலிருந்து ஓர் ஒட்டு போடச் சொல்லுங்கள். இளைத்த இடத்தைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டி, மேலே வரிசை வரிசையாக ஓட்ட வேண்டும். மூலை கூராக இருந்தால் இழுவை அங்கே குவிந்து அடுத்த கிழிசல் அங்கேயே ஆரம்பிக்கும். உங்கள் பழைய ஜீன்ஸ்களை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்கும்தான்.

புது பேண்ட் மூன்றையும் ஒரே நாளில் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் ஏணி ஏறுங்கள், பைக் ஓட்டுங்கள், குத்தவையுங்கள். எங்கே பிடிக்கிறது என்பதைச் சாக்பீஸால் பேண்டிலேயே குறித்து டெய்லரிடம் காட்டுங்கள். அந்தத் திருத்தத்தோடு அளவை அவருடைய நோட்டில் எழுதி வைத்த பிறகு மற்ற இரண்டுக்கும் துணியைக் கொடுக்கலாம்.