பூனையின் நகத்தை எடுத்துவிடலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். எங்கள் ஒன்றரை வயதுப் பூனை புது சோபாவைப் பிறாண்டிக் கிழித்துவிட்டது. குழந்தை வேறு தவழ ஆரம்பித்திருக்கிறாள். ஆபரேஷன் செய்து முன்கால் நகங்களை எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நகம் எடுப்பது என்று சொல்கிறார்களே தவிர, வெட்டுவது எலும்பை. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. மறுபடி முளைக்காமல் இருக்க அந்த எலும்பையே எடுத்தாக வேண்டும். முன்கால் ஒன்றுக்கு 5 விரல், ஆக 10 விரல் நுனிகள் போய்விடும். லேசரில் செய்தாலும் இதேதான்.

பூனை நடப்பதே விரல்களை ஊன்றித்தான். நுனி போனால் பாரம் விழும் இடம் மாறி, நாளடைவில் முதுகுவலி வரை வரலாம். எலும்புத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் அடி வைக்கும்போதெல்லாம் வலிக்கும். பூனை வலியை வெளியே காட்டாது. மணலைத் தோண்டினால் பாதம் வலிக்கிறது என்று மணல் தட்டை விட்டுவிட்டு, கம்பளத்திலோ அந்த சோபாவிலோ சிறுநீர் கழிக்கத் தொடங்கலாம். நீங்களோ சேட்டை என்று நினைப்பீர்கள்.

அப்புறம் குழந்தை விஷயம். நகம் இல்லாத பூனை பயந்தால் அதற்கு மிச்சமிருப்பது பல்தான். பூனைக்கடி பிறாண்டலைவிட மோசம். ஊசி போன்ற பல் ஆழமாக இறங்கிச் சீழ் பிடித்துவிடும். இருவரையும் தனியே விடாதீர்கள். பூனை ஏறி ஒதுங்க உயரமாக ஓர் இடம் இருக்கட்டும்.

நியூயார்க் மாநிலம் 2019இல் இந்த ஆபரேஷனைத் தடை செய்தது. உங்கள் டெக்சாஸிலேயே ஆஸ்டின் நகரத்தில் 2021 முதல் தடை. நகத்தடியில் கட்டி போன்ற நோய் இருந்தால் மட்டும் செய்யலாம், அது சிகிச்சை.

சரி, சோபாவுக்கு என்ன வழி? பூனை கோபத்தில் பிறாண்டுவதில்லை. நகத்தின் பழைய மேலுறையை உதிர்க்கவும், உடம்பை நீட்டி முறிக்கவும், தன் வாசனையைப் பதிக்கவும் அதற்குப் பிறாண்டியே ஆகவேண்டும். சணல் கயிறு சுற்றிய, 3 அடிக்குக் குறையாத, ஆடாத ஒரு கம்பத்தை சோபாவை ஒட்டியே வையுங்கள். பலரும் அதை ஆளில்லாத மூலையில் வைத்துவிடுகிறார்கள். பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. சோபா ஓரத்தில் கொஞ்ச நாளைக்கு இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டுங்கள், பாதத்தில் பிசுபிசுப்பது அதற்குப் பிடிக்காது.

இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் கூர்நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய், அதைத் தொடக்கூடாது. முதல் நாள் ஒரு கால் போதும். மற்றதை மறுநாள் அது தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது வெட்டிக்கொள்ளலாம்.