கறிக்கடை ஆய்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆட்டுத் தொடையில் நகராட்சி முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாமா? அதற்கு முன் என்னென்ன சோதனை செய்கிறார்கள்?
– வாசகர், தருமபுரி

முறைப்படி இரண்டு சோதனை நடந்திருக்க வேண்டும். முதலாவது, ஆடு உயிரோடு இருக்கும்போது. கால்நடை மருத்துவர் அதை நிற்க வைத்தும் நடக்க விட்டும் பார்ப்பார். காய்ச்சல், மூக்கொழுகல், கழிச்சல், வாய்ப்புண், நொண்டல் இருக்கிறதா, சினையா என்று கவனிப்பார். சினையாட்டையும், 3 மாதம் நிரம்பாத குட்டியையும், அப்படிப்பட்ட குட்டிக்குத் தாயையும் அறுக்கக் கூடாது. 2001-இல் வந்த மத்திய அரசின் இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு மருத்துவர் மணிக்கு 12 உருப்படிக்கு மேல் பார்க்கக் கூடாது. நாளுக்கு 96-தான் உச்சம். அறுப்பதற்கு முன் ஓய்வும் தர வேண்டும். சந்தையிலிருந்து வண்டியில் நெருக்கி ஏற்றி வந்த ஆட்டை இறக்கிய கையோடு அறுத்தால், அதன் தசையில் அமிலம் போதிய அளவு ஊறாது. அந்தக் கறி கருஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். சீக்கிரம் கெட்டும் போகும்.

இரண்டாவது சோதனை உரித்த பிறகு. பல நோய்கள் இங்கேதான் பிடிபடும். ஈரலைத் தடவிப் பார்த்து, பித்தக் குழாயைக் கீறினால் தட்டைப்புழு தெரியும். ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருக்கிறதா, சுவரொட்டி (மண்ணீரல்) வீங்கியிருக்கிறதா, நெறிக்கட்டிகளில் சீழ் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதில் அடிக்கடி நேரும் தவறு, குடலையும் ஈரலையும் உடனே கழற்றி ஒரே குவியலாகப் போட்டுவிடுவது. அப்புறம் எந்த ஈரல் எந்த ஆட்டுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. உடலுக்கும் உறுப்புக்கும் ஒரே எண் வில்லை கட்டினால் இந்தக் குழப்பம் தீரும்.

ஆகவே முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். விடியற்காலை அறுக்கும் நேரத்தில் மருத்துவர் அங்கே இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இல்லாத இடத்தில் வைத்த முத்திரை வெறும் மைதான்.

கறிக்கோழிக் கடை வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வரும் அலுவலர் எதையெல்லாம் பார்ப்பார்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

உணவு பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றோ உரிமமோ கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். வேலையாட்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்று வேண்டும். கறி வெட்டும் கட்டை வெடிப்பில்லாத வைரம் பாய்ந்த மரமாகவோ, உணவுத் தர பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். வெடிப்புக்குள் புகுந்த கொழுப்பும் ரத்தமும் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின் 82 டிகிரி சூட்டுத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும்.

பெரிய ஆபத்து இறகு பறிக்கும் இடத்தில் இருக்கிறது. காலையில் ஊற்றிய வெந்நீரிலேயே மதியம் வரை கோழிகளை முக்கினால், ஒரு கோழியின் எச்சத்திலிருக்கும் சால்மோனெல்லா கிருமி அடுத்தடுத்த கோழிகளுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரின் சூடு 60 டிகிரிக்கும் கீழேதான் என்பதால் கிருமி முழுவதும் சாகாது. தண்ணீர் கலங்கியதும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். குடல் எடுக்கும்போது கிழிந்துவிட்டால் அந்தக் கோழியைத் தனியே எடுத்து, ஓடும் தண்ணீரில் உடனே கழுவுங்கள். வாளித் தண்ணீரில் அலசினால் அழுக்கு எல்லாக் கறியிலும் பரவும். விற்காமல் மிஞ்சியதை 4 டிகிரிக்கு மேல் போகாத குளிர்பெட்டியில் வையுங்கள். கழிவை ஏரிக்கரையிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ கொட்டுவது குற்றம். மூடியிட்ட டப்பாவில் சேர்த்து உள்ளாட்சி வண்டியிடம் கொடுங்கள்.

கெட்ட கறி விற்ற கடை பற்றிப் புகார் செய்தால் மாதிரி எடுப்பார்களா? முடிவு எப்போது வரும்?
– வாசகி, ஓசூர்

எடுப்பார்கள். மாதிரியை 4 பாகமாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒரு பாகத்தை உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார்கள். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் சேலத்தில் இருக்கிறது. மாதிரி கைக்கு வந்த 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டம். ஆனால் கறி அன்றே விற்றுத் தீர்ந்துவிடுகிறது. குற்றத்தை நிரூபிக்க மாதிரி உதவும். அன்று அந்தக் கறியைச் சாப்பிட்டவரைக் காக்காது. கடையில் மாதிரி எடுப்பதைவிட அறுக்குமிடத்தில் மருத்துவரை நிறுத்துவதற்கு அரசு அதிகம் செலவிட வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

புகாரை 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். கடையின் பெயர், தெரு, வாங்கிய நாள், நேரம், ரசீது, படம் எல்லாம் இருந்தால் அலுவலர் நேரே அங்கே போய்ச் சேருவார்.

இறைச்சிக்கூடத்தைச் சரிசெய்ய எங்கள் பேரூராட்சி என்ன செய்யலாம்?
– வாசகர், ஊத்தங்கரை

அறுக்கும் நேரத்தை மருத்துவர் வரும் நேரத்தோடு பொருத்தி, தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். கூடம் உள்ளாட்சியின் கையில், மருத்துவர் கால்நடை பராமரிப்புத் துறையில், கடை உணவு பாதுகாப்புத் துறையின் பார்வையில் என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. நேரத்தை எழுத்தில் வைக்காவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அடுத்து, ஒதுக்கிய உறுப்புகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். எந்தச் சந்தை ஆடு, எந்த உறுப்பு, என்ன காரணம் என்று எழுதினாலே போதும். ஒரே பக்கத்து ஆடுகளில் தட்டைப்புழு திரும்பத் திரும்ப வந்தால், அங்கே குடற்புழு நீக்க முகாம் போடக் கால்நடைத் துறைக்கு வழி தெரியும். நீர்க்கட்டி உள்ள ஈரலை நாய்க்கு வீசவே கூடாது. நாயின் வயிற்றில் அது நாடாப்புழுவாகி, எச்சத்தின் வழியே முட்டைகள் ஆட்டுக்கும் மனிதருக்கும் வந்து சேரும். ஒதுக்கியதை எரிக்க வேண்டும், இல்லையேல் நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

திடீரென்று செத்த ஆட்டை அறுத்து மலிவாக விற்கிறார்கள். நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாமா?
– வாசகி, போச்சம்பள்ளி

கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த ஆடாக இருந்தால் அறுப்பவருக்கே ஆபத்து. கையிலுள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி புகுந்து, நடுவில் கறுத்த புண் வரும். மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வடிந்தால் தோலைக்கூட உரிக்காதீர்கள். உடலைத் திறந்து காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறிப் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். நாய், காக்கை அண்டாமல் காவல் வைத்துவிட்டு, கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள். மருத்துவர் பார்த்த பிறகு, அவர் காட்டும் இடத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட, 6 அடி ஆழத்துக்குக் குறையாமல் குழி தோண்டி முழு உடலாகவே புதைக்க வேண்டும்.