மின்கிதாருக்கு எந்த மரம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மின்கிதார்களைக் கையாலேயே செய்து பார்ப்பது உங்களுடைய பொழுதுபோக்கு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நான் கோவை கணபதியில் ஒரு பேட்டர்ன் கடையில் வேலை செய்கிறேன். பம்ப் உறை, வால்வு போன்றவற்றை வார்ப்பதற்கான மர மாதிரிகளைச் செய்வது என் தொழில். மகள் கல்லூரியில் கிதார் வாசிக்கிறாள். அவளுக்கு என் கையால் ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. கிதாரின் நாதம் மரத்தில்தான் இருக்கிறது என்கிறார்கள். ஆனைமலைப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் நல்ல ஈட்டி (ரோஸ்வுட்) மரப் பலகை தருகிறேன் என்கிறார், ஆனால் அதற்கு அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. வாங்கலாமா? கழுத்தை ஆயத்தமாக வாங்கிக்கொண்டு உடலை மட்டும் செய்வதே புதியவர்களுக்கு நல்லது என்கிறார்களே, அது சரியா? தந்தியின் அசைவை மின்னோட்டமாக மாற்றும் பிக்கப்பை நானே சுற்ற முடியுமா? கடையில் கிடைக்கிற பொருளுக்கு எதற்கு இந்த மெனக்கேடு என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொன்னால் நன்றாயிருக்கும்.

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தொழிலைச் சொன்ன பிறகு மரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. மில்லிமீட்டரில் கால் பங்கு தவறினாலும் வார்ப்பு தள்ளுபடியாகிவிடும் என்ற கட்டுப்பாட்டில் தேக்கை இழைத்துப் பழகிய கை உங்களுடையது. மின்கிதாருக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான். மரம் அதற்கு வெகு பின்னால் வருகிறது.

மரத்துக்குள்தான் நாதம் இருக்கிறது என்ற பேச்சு, வயிறு குடைந்த கிதாருக்கும் வீணைக்கும் முழுக்கப் பொருந்தும். அவற்றில் பலகை அதிர்ந்துதான் ஒலி பெருகுகிறது. மின்கிதாரில் பிக்கப்பின் காந்தம் எஃகுத் தந்தியைக் காந்தமாக்குகிறது; அந்தத் தந்தி அசையும்போது காந்தப்புலம் மாறி, சுற்றியிருக்கும் செம்புச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. ஒலிபெருக்கிக்குப் போவது அந்த மின்னோட்டம்தான். தந்தி எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கிறது என்பதில் மரத்துக்குப் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிக்கப்பை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் வருகிற மாற்றத்தின் முன் அது சிறியது என்பது என் கணிப்பு. உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி: 1932இல் விற்பனைக்கு வந்த, 'ஃப்ரையிங் பேன்' என்ற பட்டப்பெயர் பெற்ற ரிக்கன்பேக்கர்தான் வணிக வெற்றி கண்ட முதல் மின்கிதார்; மடியில் கிடத்தி வாசிக்கும் அந்தக் கருவியின் உடலும் கழுத்தும் வார்ப்பு அலுமினியம். அதாவது, மின்கிதாரின் வரலாறு பேட்டர்ன் கடை வழியாகத்தான் தொடங்குகிறது.

ஈட்டிப் பலகையை வாங்க வேண்டாம். ஈட்டி மரங்களைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன் பேரினம் முழுவதும், அதாவது டல்பெர்ஜியா வகைகள் எல்லாமும், 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. சீட்டில்லாத பலகை எந்த மலையிலிருந்து எப்படி இறங்கியது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தவிர, மின்கிதாரில் ஈட்டிக்கு வழக்கமான இடம் விரல் படும் ஃப்ரெட்போர்டு மட்டுமே. ஆறு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு பட்டை. கடினமும் நேரான ரேகையும் உள்ள எந்த மரமும் அங்கே உட்காரும். வண்டிச்சக்கரத்துக்கும் ஏருக்கும் நம் ஊரில் காலங்காலமாகப் பயன்பட்ட கருவேலத்தில் வைரம் பாய்ந்த பகுதி கிடைத்தால் அதுவே போதும். (கருங்காலியையும் சொல்லியிருப்பேன், மாலை கோப்பவர்கள் அதை எட்டாத விலைக்கு ஏற்றிவிட்டார்கள்.)

உடலுக்குப் பழைய மரக்கடைக்குப் போங்கள். ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிற ஊர்களில் எல்லாம் உத்தரமும் நிலையும் கைமரமும் வந்து குவிகின்றன. அந்தத் தேக்கு பல பத்தாண்டுகள் உலர்ந்தது, இனித் திருகாது. அதை அறுக்கும் முன் காந்தத்தை வைத்துத் தடவி, உள்ளே உடைந்து நிற்கும் ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். தேக்கின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. அமெரிக்கர்கள் உடலுக்குப் பயன்படுத்தும் ஆல்டர் மரம் 450 அளவில் நிற்கும். ஆகவே 45 மில்லிமீட்டர் தடிப்பில் முழுத் தேக்கு உடல் செய்தால் மகளின் தோள் வலிக்கும். மேல் பலகையை ஒட்டுவதற்கு முன் உள்ளே சில அறைகளைக் குடைந்துவிடுங்கள், அல்லது தோட்டத்து மலைவேம்பைப் பாருங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு தின்னரால் துடைக்காவிட்டால் கோந்து பிடிக்காது. மரங்களைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் ஒரு விடுமுறை நாளில் கவுலி பிரவுன் சாலையில் உள்ள காஸ் வன அருங்காட்சியகத்துக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். கோவையில் இருந்துகொண்டே அதன் உள்ளே கால் வைக்காதவர்கள் பலர்.

இனி கழுத்து. புதியவர்கள் அதை வாங்கிக்கொள்வதே நல்லது என்ற அறிவுரை, பொதுவாகச் சரியானது, உங்களுக்குத் தவறானது. உடலை யார் வேண்டுமானாலும் அறுக்கலாம், அதன் வெளிவடிவம் நான்கு மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும் ஒரு சுரமும் கெடாது. கழுத்தில் அந்தச் சலுகை கிடையாது. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, காதால் கேட்டுச் சரிசெய்கிறார்கள். மெழுகு இளகினால் மறுபடியும் பதிக்கலாம். கிதாரில் ஃப்ரெட் என்ற உலோக மெட்டை வாள் வெட்டில் அடித்து இறக்கிவிட்டால் அது அங்கேதான் இருக்கும். ஆகவே இடத்தை முன்கூட்டியே கணக்கால் அறிந்தாக வேண்டும்.

கணக்கு எளியது. தந்தி கழுத்தின் தலைப்பக்கம் நட் என்ற சிறு துண்டிலும் மறுபக்கம் பிரிட்ஜிலும் தாங்கி நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளம் ஃபெண்டர் கிதார்களில் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். அந்த நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம், 36.37 மில்லிமீட்டர், கிடைக்கும். எஞ்சியதை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இரண்டாவது ஃப்ரெட் நட்டிலிருந்து 70.70, ஐந்தாவது 162.55, பன்னிரண்டாவது சரிபாதியில், 324. வானியலறிஞர் கலிலியோவின் தந்தையும் இசைக்கலைஞருமான வின்சென்சோ கலிலேயி 1581இல் இதற்கு 18 என்ற எண்ணைப் பரிந்துரைத்தார். கைக்கணக்குக்கு வசதியானதுதான், ஆனால் அப்படிச் செய்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட் பாதியை எட்டாமல் 321.6இலேயே நின்றுவிடும். எல்லாத் தூரங்களையும் நட்டிலிருந்தே குறியுங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் சிறுசிறு பிழைகள் சேர்ந்து கடைசியில் கணிசமாகிவிடும். வேலைப்பாட்டில் இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் சொல்ல வேண்டியது வேறொன்று. உங்கள் மேசையில் சாதாரண ஸ்கேலும் சுருக்க ஸ்கேலும் ஒன்றாகக் கிடக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும் என்பதற்காக அந்த இரண்டாவது ஸ்கேலின் ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு நீட்டிப் போடப்பட்டிருக்கிறது. கிதார் முழுவதையும் அதனாலேயே அளந்தால் ஒரு கேடும் இல்லை: நீளம் 654.75 ஆகும், விகிதங்கள் மாறா, சுரமும் மாறாது. ஃப்ரெட்டுகளை அதனால் குறித்துவிட்டுப் பிரிட்ஜை மட்டும் சாதாரண ஸ்கேலால் 648இல் வைத்தால்தான் வினை. பன்னிரண்டாவது ஃப்ரெட் நடுவைத் தாண்டி 327.4இல் நிற்கும், அங்கே வர வேண்டிய மேல்ஸ்தாயி ஏறத்தாழ 18 சென்ட் ஏறி ஒலிக்கும். ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்றால் இது காதுள்ள யாருக்கும் பிடிபடுகிற பிசகு. ஆகவே கிதார் வேலை நடக்கும் நாட்களில் சுருக்க ஸ்கேலை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை 40 கிலோவுக்கும் மேல் இழுக்கும். அதைச் சமாளிக்க உள்ளே டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி ஓடுகிறது. அதை மட்டும் நல்லதாக வாங்கிவிடுங்கள். கழுத்தை ஒரே துண்டில் எடுப்பதைவிட, ரேகை எதிரெதிராக வரும்படி மூன்று கீற்றுகளை ஒட்டி எடுப்பது நம் வெயிலுக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கும் ஏற்றது. பேட்டர்ன்களையும் அப்படித்தானே ஒட்டுகிறீர்கள். ஃப்ரெட் வெட்டு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 0.58 அளவில் இருக்க வேண்டும், அதற்கென்று மெல்லிய வாள் தேவை. அடித்து முடித்த பிறகு, மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் மட்டும் படும் நீளமுள்ள எஃகுத் துண்டு ஒன்றை வைத்து விரலால் தட்டுங்கள். நடு ஃப்ரெட் உயர்ந்திருந்தால் துண்டு 'டிக் டிக்' என்று ஆடும். தாழ்ந்திருந்தால் ஆடாது, ஆனால் தந்தி அடுத்ததில் உரசி இரையும். உயர்ந்ததை அரத்தால் இறக்கி, உச்சியை மறுபடி உருட்ட வேண்டும். கிதாரின் தரம் உண்மையில் தீர்மானமாவது இந்த ஃப்ரெட் வேலையில்தான். அவசரப்படுபவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

பிக்கப்பை உங்களால் சுற்ற முடியும். முதல் கிதாருக்குச் சுற்றாதீர்கள். ஒலி சரியில்லை என்றால் பிழை கழுத்திலா சுருளிலா என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பீர்கள். இரண்டாவது கிதாருக்குச் சுற்றும்போது, மோட்டாருக்குக் காயில் கட்டும் நண்பர் எவரையேனும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் இல்லாத தெரு கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்காது. அவர் கைக்குப் பழகிய கம்பியைவிட இது மிகவும் மெல்லியது: எனாமல் பூசிய செம்புக்கம்பி, குறுக்களவு 0.063 மில்லிமீட்டர், ஒரு சுருளுக்கு ஏழாயிரம் எட்டாயிரம் சுற்றுகள். விரல்களுக்கு இடையே அது ஓடுவதே தெரியாது. சற்று அழுத்தினால் அறுந்துவிடும், சற்று விட்டால் சுருள் தளர்ந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும். சுற்றி முடித்ததை இளஞ்சூட்டில் உருக்கிய மெழுகில் ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்த கம்பிகள் தாமே அதிர்ந்து ஒலிபெருக்கியில் கீச்சிடும். ஒற்றைச் சுருள் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். விசைத்தறி ஓடுகிற தெருவில் வாசித்தால் நன்றாகவே கேட்கும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், காந்த முனையும் சுற்றும் எதிரெதிரான இரு சுருள்களைச் சேர்த்து அந்த இரைச்சலைத் தமக்குள்ளேயே கழித்துக்கொள்ளச் செய்தது. முதல் கிதாருக்கு அதையே வாங்குங்கள்.

வீட்டில் கேட்பதற்குப் பதில்: செலவு மிச்சமாகும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆகாது. டிரஸ் ராட், பிக்கப், பிரிட்ஜ், தந்தி முடுக்கிகள், வாள் எல்லாம் சேர்ந்தால் கடைக் கிதாரின் விலையைத் தாண்டக்கூடும். ஆனால் கடையில் கிடைக்காத ஒன்று இருக்கிறது, கழுத்தின் பின்வளைவு. கடைக் கிதாரில் அது சராசரிக் கைக்காகச் செய்யப்படுகிறது. நீங்களோ மகளை அருகில் உட்கார வைத்து, அவள் பிடித்துப் பார்க்கப் பார்க்க, கட்டை விரல் இடறும் இடத்தை மட்டும் உளியாலும் உப்புத்தாளாலும் எடுத்துவிடலாம். குயீன் என்ற ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே, 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டில் செய்யத் தொடங்கிய கிதாரைத்தான் உலக மேடைகளில் எல்லாம் வாசித்தார். அதன் கழுத்து ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். தந்தையும் பிள்ளையும் சேர்ந்து செய்வதில் புதுமை ஒன்றும் இல்லை என்று வீட்டில் சொல்லுங்கள்.

வேலை ஒழுங்கில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாலிஷ் போடும் ஆசையைத் தள்ளி வையுங்கள். மரம் பாலிஷ் படாமல் இருக்கும்போதே எல்லாவற்றையும் பொருத்தித் தந்தி கட்டி, டிரஸ் ராடைத் திருகிக் கழுத்தை நேராக்கி, ஒரு மாதம் மகள் கையில் கொடுத்துவிடுங்கள். தந்தியின் இழுப்பில் எது அசைகிறது, எந்த ஃப்ரெட் இரைகிறது, எந்த மூலை அவள் முழங்கையில் உறுத்துகிறது என்று எல்லாம் அதற்குள் வெளியே வந்துவிடும். பிறகு கழற்றிச் சரிசெய்து, பிரெஞ்ச் பாலிஷோ என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரோ உங்கள் விருப்பம்போல அடித்துக்கொள்ளலாம்.