'இரண்டும் பொருந்தாது' ஏன் தவறு?

நீங்கள் கேட்ட கூற்று–முடிவு தர்க்கக் கேள்விக்கு விடை 'முடிவு 1 அல்லது 2'தான். நீங்கள் குறித்த 'இரண்டும் பொருந்தாது' இங்கே வராது.

உங்கள் கேள்வி, இந்த இரு கூற்றுகளிலிருந்து எந்த முடிவு வரும் என்பது: எல்லா மாம்பழங்களும் பழங்கள். சில பழங்கள் புளிப்பானவை. முடிவு 1: சில மாம்பழங்கள் புளிப்பானவை. முடிவு 2: எந்த மாம்பழமும் புளிப்பானதல்ல.

தனித்தனியாக இரண்டையும் நிரூபிக்க முடியாது. அதுவரை சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். அநேகமாக அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். 'பழங்கள்' என்று பெரிய வட்டம், அதற்குள் மாம்பழ வட்டம் போடுங்கள். புளிப்பு வட்டம் பெரிய வட்டத்தை வெட்டியே ஆக வேண்டும். அதை ஒருமுறை மாம்பழத்தைத் தொடும்படியும் ஒருமுறை தொடாமலும் வரையுங்கள். முதல் படத்தில் முடிவு 1 உண்மை, அடுத்ததில் 2. மூன்றாவது வழி கிடையாது. அதனால் இரண்டில் ஏதாவது ஒன்று உண்மையாகியே தீரும்; அதைத்தான் 'அல்லது' சொல்கிறது.

'அல்லது' போடுமுன் பாருங்கள்:
1. இரு முடிவிலும் அதே இரண்டு சொற்களா, அதே வரிசையிலா?
2. தனியாக எதுவும் உறுதியாகவில்லையா?
3. 'சில – எதுவுமில்லை' அல்லது 'எல்லாம் – சில அல்ல' ஜோடியா?

'எல்லாம் – எதுவுமில்லை' ஜோடியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். சில மாம்பழங்கள் புளிப்பு, சில இனிப்பு என்ற நிலையும் இடையில் இருக்கலாம் என்பதால் அங்கே 'இரண்டும் பொருந்தாது'தான் விடை. மாம்பழத்தின் ருசி நமக்குத் தெரியும் என்பதையும் மறந்துவிட்டு, கொடுத்த கூற்றை மட்டும் பாருங்கள்.