வேலையைவிட்டு வந்ததை எப்படிச் சொல்வது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலைவாய்ப்பு, ஆள்சேர்ப்பு சார்ந்த ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் பட்டியலாக அச்செடுத்துப் படித்துவருகிறேன். வேக்கன்ஸி, அப்ளிகன்ட், கேண்டிடேட், ரிசைன் என்று எதைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவேன். ஆனால் நேர்காணலில் கைகொடுக்க மாட்டேன் என்கின்றன. அண்மையில் ஒரு நிறுவனத்தில், முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். அது ஓராண்டு ஒப்பந்த வேலை, காலம் முடிந்தது, அவ்வளவுதான். அதை ‘ஐ வாஸ் டெர்மினேட்டட்’ என்று சொன்னேன். கேட்டவரின் முகமே மாறிவிட்டது. அப்புறம் எல்லாக் கேள்வியும் அதைச் சுற்றியே வந்தது. நான் சொன்னதில் என்ன தவறு? இந்தச் சொற்களை எப்படித்தான் படிப்பது? பிரிட்டிஷ் ஆங்கிலத்தைப் பின்பற்றுவதா, அமெரிக்க ஆங்கிலத்தையா?

கு.

அன்புள்ள கு.,

டெர்மினேட் என்ற வினை ஒப்பந்தத்தோடு சேரும்போது சாதுவானது. இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை டெர்மினேட் செய்யலாம். பணி ஒப்பந்தங்களில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். அதே வினையை ஆளின்மேல் ஏற்றினால், ‘என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்’ என்றுதான் காதில் விழும். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இது: ‘இட் வாஸ் எ ஒன்-இயர் ஃபிக்ஸ்டு-டெர்ம் கான்ட்ராக்ட், அண்ட் இட் கேம் டு அன் எண்ட்.’ இதில் முடிந்தது ஒப்பந்தம். உங்கள்மேல் ஒரு கேள்வியும் எழாது.

வேலையைவிட்டு வெளியேறுவதற்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருப்பதற்குக் காரணம், யார் முடிவெடுத்தார், யார்மேல் குறை என்ற இரண்டையும் அவை ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான். ரிசைன் என்றால் முடிவு உங்களுடையது. க்விட் என்றாலும் அதேதான், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிய வாடை அதில் கொஞ்சம் அடிக்கும், நேர்காணலில் வேண்டாம். டிஸ்மிஸ் என்றால் முடிவு நிறுவனத்துடையது. நடத்தை சரியில்லை அல்லது வேலை போதவில்லை என்ற காரணம் பெரும்பாலும் பின்னால் நிற்கும். ஃபயர், சேக் இரண்டும் அதன் பேச்சு வழக்குகள். ரிடண்டன்ட் என்றால் அந்தப் பணியிடமே தேவையில்லாமல் போய்விட்டது, ஆள்மேல் குறையில்லை. பிரிட்டனில் ‘ஐ வாஸ் மேட் ரிடண்டன்ட்’ என்று கூச்சமே இல்லாமல் சொல்வார்கள். அமெரிக்காவில் அந்த இடத்தில் லெய்ட் ஆஃப் வரும். வேலை குறைந்த காலத்தில் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பித் திரும்ப அழைப்பதையும் லே-ஆஃப் என்பதுண்டு. ஆகவே ஆவணத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் எந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லெட் கோ என்பது நீக்கத்துக்கும் ஆட்குறைப்புக்கும் பொதுவான போர்வை. நிறுவனங்களுக்கு அது வசதி. உங்களுக்கு வசதியில்லை, கேட்பவர் மோசமானதைத்தான் ஊகிப்பார்.

இனி, எப்படிப் படிப்பது. அகரவரிசைப் பட்டியலை மூட்டைகட்டி வையுங்கள். ஆள்சேர்ப்பு என்பது வரிசையாக நடக்கும் காரியம், சொற்களும் அந்த வரிசையில்தான் வேலைசெய்கின்றன. ஒரு நோட்டில் இடப்பக்கம் நிறுவனம் செய்வதையும் வலப்பக்கம் விண்ணப்பிப்பவர் செய்வதையும் எழுதுங்கள். பணியிடம் காலியாகிறது: வேக்கன்ஸி. நிறுவனம் இரண்டு தாள் தயாரிக்கிறது: வேலை என்ன என்று சொல்வது ஜாப் டிஸ்கிரிப்ஷன், அதைச் செய்யும் ஆளுக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்வது பர்சன் ஸ்பெசிஃபிகேஷன். பிறகு அட்வர்டைஸ் செய்கிறது, வந்தவற்றை ஸ்க்ரீன் செய்கிறது, அதாவது வடிகட்டுகிறது, நேர்காணலுக்குத் தகுந்த சிலரை ஷார்ட்லிஸ்ட் செய்கிறது, இன்டர்வியூ நடத்துகிறது, ரெஃபரன்ஸ் சரிபார்க்கிறது, ஆஃபர் தருகிறது. எதிர்ப்பக்கத்தில் நீங்கள் அப்ளை செய்கிறீர்கள், அட்டெண்ட் செய்கிறீர்கள், நெகோஷியேட் செய்கிறீர்கள், அக்செப்ட் அல்லது டிக்ளைன் செய்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லும்போது டிக்ளைன்தான் மரியாதை. ரெஃப்யூஸ் என்றால் முறுக்கிக்கொண்டதுபோல் ஒலிக்கும்.

இப்படி எழுதினால் பட்டியலில் மறைந்துபோகும் வேறுபாடுகள் தாமாகத் தெரியும். விண்ணப்பம் போட்ட எல்லாரும் அப்ளிகன்ட். பரிசீலனைக்குள் வந்தவரைத்தான் கேண்டிடேட் என்பது வழக்கம். ரெக்ரூட் என்பது தேடுவதில் தொடங்கிச் சேர்ப்பதுவரை முழு வேலை, ஹயர் என்பது அதன் கடைசி அடி, எம்ப்ளாய் என்பது அதற்குப் பிறகு தொடரும் நிலை. ‘தே எம்ப்ளாய் டூ ஹன்ட்ரட் பீப்பிள்’ என்றால் இருநூறு பேர் அங்கே வேலையில் இருக்கிறார்கள். இனிமேல் எடுக்கப்போகிறார்கள் என்றல்ல.

சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் துணைகளோடு எழுதுங்கள். நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். அப்ளை என்றால் பதவிக்கு ‘ஃபார்’, நிறுவனத்துக்கு ‘டு’. ரெஸ்பான்சிபிள் என்றால் ‘ஃபார்’, ஆனால் இன் சார்ஜ் என்றால் ‘ஆஃப்’. ரிப்போர்ட் ‘டு’ என்றால் உங்கள் மேலாளர் யார் என்று பொருள், அறிக்கை கொடுப்பதல்ல. ‘ஐ கேவ் அன் இன்டர்வியூ’ என்று பலர் சொல்கிறார்கள்; அது செய்தியாளருக்குப் பேட்டி கொடுத்த பிரபலத்தின் வாக்கியம். வேலை தேடுபவர் ‘ஹேட்’ அல்லது ‘அட்டெண்டட்’ என்று சொல்ல வேண்டும். எக்ஸ்பீரியன்ஸ் என்பது பணி அனுபவம் என்ற பொருளில் பன்மை ஏற்காது. எக்ஸ்பீரியன்சஸ் என்றால் வாழ்க்கையில் பட்டதையெல்லாம் சொல்லப்போகிறீர்கள் என்று நினைப்பார்கள். ஸ்டாஃப் என்பதும் அப்படியே. ஒருவரைக் குறிக்க ‘எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’. ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பதில் இரண்டு பிழை. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்க. தொடங்கிய நாளையோ மாதத்தையோ ஆண்டையோ சொன்னால் மட்டும் சின்ஸ்.

நோட்டீஸ் என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். விலகப்போவதாக எழுதிக் கொடுப்பது கிவ் நோட்டீஸ், ஹேண்ட் இன் நோட்டீஸ். அந்தக் காலம் முடியும்வரை வேலைக்கு வருவது சர்வ் அல்லது வொர்க் நோட்டீஸ். வராமலே அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பினால் பே இன் லியூ ஆஃப் நோட்டீஸ். நிறுவனமும் உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். ‘ஐ வாஸ் கிவன் நோட்டீஸ்’ என்றால் தலைகீழ்ப் பொருள். ‘எப்போது சேர முடியும்’ என்று கேட்டால் ‘மை நோட்டீஸ் பீரியட் இஸ் ஒன் மன்த்’ என்ற ஒரு வரி போதும்.

சம்பளப் பேச்சில் கிராஸ், நெட் இரண்டையும் குழப்பிக்கொண்டால் கைக்காசு போகும். கிராஸ் என்பது பிடித்தங்களுக்கு முன், நெட் அல்லது டேக்-ஹோம் என்பது பின். எதிர்பார்க்கும் தொகையைச் சொல்லும்போது இரண்டில் எது என்றும், மாதத்துக்கா ஆண்டுக்கா என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.

விளம்பரங்களைப் படிப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எசென்ஷியல், மஸ்ட், ரிக்வயர்ட் என்று வருவது உங்களிடம் இல்லையென்றால் முதல் வடிகட்டலிலேயே உங்களைக் கழித்துவிடலாம். டிசையரபிள், ப்ரிஃபர்ட், எ பிளஸ் என்பவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். ‘காம்பெடிடிவ் சாலரி’ என்றால் தொகையைச் சொல்ல விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வேன்; ‘ஃபாஸ்ட்-பேஸ்டு’ என்றால் வேலைப்பளு எவ்வளவு என்று நேர்காணலில் கேட்டுவிடுவேன்.

பிரிட்டிஷா அமெரிக்கனா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தன்விவரக் குறிப்பையும் அதோடு இணைக்கும் கடிதத்தையும் பிரிட்டிஷ் விளம்பரம் சிவி, கவரிங் லெட்டர் என்று கேட்கும். அமெரிக்க விளம்பரம் ரெசுமே, கவர் லெட்டர் என்று கேட்கும். அங்கே சிவி என்றால் கல்வித்துறையினர் தரும் நீண்ட ஆவணம். உங்களைப் பற்றிச் சான்றுரைப்பவரை பிரிட்டிஷார் ரெஃப்ரீ என்பார்கள், அமெரிக்கர் அந்த ஆளையே ரெஃபரன்ஸ் என்பார்கள். விளம்பரம் எந்தச் சொல்லில் கேட்கிறதோ, கடிதத்திலும் கோப்பின் பெயரிலும் அதே சொல்லைப் போட்டு அனுப்புங்கள்.