பர்மாவில் இருந்த தாத்தாவைப் பற்றி வேதக் கோயில்களில் (கிறிஸ்தவ தேவாலயங்களில்) ஆவணம் கிடைக்குமா?

கிடைக்கும். கேட்பதைப் பார்த்தால் 1964-ல் இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பம் போலத் தெரிகிறது. நாங்கள் ஏறாமல் ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்கள்.

பர்மாத் தமிழர் என்றாலே செட்டியார் வட்டிக்கடையும் முருகன் கோயிலும்தான் எழுதுகிறார்கள். (சண்டைக்கு வராதீர்கள், தைப்பூச அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிறவன்தான் நானும்.) அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூலியாக வந்தவர்களில் வேதக்காரர்களும், அதாவது கிறிஸ்தவர்களும், இருந்தார்கள். இன்றைக்கும் பிப்ரவரியில் ஞாங்லேபின் ஊரின் லூர்து மாதா திருவிழாவில் பாதிக் கூட்டம் நம் முகமாகத்தான் தெரியும்.

அப்பாவின் குடியுரிமைக்கு அலைந்தபோதுதான் எனக்கு இதன் அருமை புரிந்தது. 1982 குடியுரிமைச் சட்டப்படி, 1948 ஜனவரி 4-க்கு முன்பே இங்கே இருந்த குடும்பம் என்று காட்ட வேண்டும். தாத்தா வைத்திருந்த காகிதமெல்லாம் 1942 யுத்தத்தில் போய்விட்டது. கோயில் பீரோவில் ஞானஸ்நானப் புத்தகம் ஒன்று இருந்தது, ஓரமெல்லாம் கரையான் தின்றது, முழுக்க லத்தீன். இரண்டு நாள் விரல் வைத்துத் தேடி 1931-ஆம் வருஷப் பக்கத்தில் தாத்தாவின் பதிவைப் பிடித்தேன். அவருடைய அப்பன் பெயரும் தேதியும் சரி, ஆனால் சவரிமுத்து என்ற தாத்தா அதில் க்ஸவேரியுஸ்! ஞானஸ்நானத்தில் உடன் நின்ற ஞானத்தாய் பெயர் 'நோ' என்று ஆரம்பிக்கிறது, அதாவது இந்த ஊர்க் கரேன் இனத்துப் பெண். நமக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சாகும்வரை சொன்ன மனுஷன் தாத்தா.

குடியுரிமை ஆபீஸில் இருந்தவர், பெயர் ஒத்துவராததால் இது வேறு ஆள் என்று ஒரே பிடியாக நின்றார். கோயில் பாதிரியார் கடிதம், சீல், டீக்காசு என்று எட்டு மாதம் இழுத்தது. இதைவிட எரிச்சல், இங்கே வந்து அத்தோ நூடுல்ஸ் தின்றுவிட்டு "அட, தமிழ் பேசுறீங்களே!" என்று வீடியோ எடுத்துப் போகிறவர்கள்தான். பின்னே வேறு என்ன பேசுவோமாம்?

சரி, உங்கள் விஷயம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் வீட்டில் கூப்பிட்ட பெயரை வைத்துத் தேடாதீர்கள். ராயப்பன் என்றால் பெத்ருஸ், சின்னப்பன் என்றால் பவுலுஸ், அருளப்பன் என்றால் யொவான்னெஸ் என்று பாருங்கள். பெயர் கிடைத்ததும் பக்கத்தில் இருக்கும் ஞானப்பெற்றோர் பெயரையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் முதல் தடவை அதை விட்டுவிட்டு மறுபடி போனேன்.